விலாவில் கட்டிய துண்டு

அடையாற்றுப் பாலத்தின் நடுவில்தான் முதல் குத்தல் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், மார்கழி மாதம். தோளில் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் மீன்கூடை. மூச்சை இழுத்தால் வலது விலாவில் சுறுக்கென்றது. நின்றால் மீன் கெட்டுவிடும். ஓடினேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள், பேச்சைக் கொஞ்சம் சீர்படுத்தியும் போடுகிறாள். நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருப்பவர்கள், இனி ஓட முடியுமா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

பாலவாக்கம் கரையில் மீன் எடுத்து, மயிலாப்பூர் மார்க்கெட்டில் கடை போட்டிருந்த என் மனைவி பிலோமினாவிடம் சேர்ப்பது என் வேலை. மெட்ராஸில் ஏது குளிர் என்பார்கள். மார்கழி விடியலில் ஈர மணலில் வெறுங்காலோடு ஓடிப் பார்க்கட்டும். கால்விரல் மரத்துப்போகும், கல் குத்தினாலும் தெரியாது. கூடைத் தண்ணீர் கெண்டைக்காலில் சொட்டினால் உடம்பே சிலிர்க்கும். திருவான்மியூர் தாண்டுகிறவரை ஏன் பிறந்தோம் என்றிருக்கும்.

தாண்டிவிட்டால் அது வேறு உலகம். உடம்பு சூடு பிடிக்கும். கம்பு ஏறி இறங்குகிற தாளத்துக்கு மூச்சு தானாக வந்து உட்காரும். பாலத்துக்கு வரும்போது ஆற்றின் மேல் பனி படுத்திருக்கும், வெயில் முதுகில் கை வைக்கும். சித்திரையில் அந்தச் சுகம் கிடையாது.

மார்கழியில் மாடவீதிப் பக்கம் போகமாட்டேன். வாசலெல்லாம் கோலம், அதன் மேல் மீன்தண்ணீர் சொட்டலாமா? ராஜா அண்ணாமலைபுரத்துத் தோப்புகளைச் சுற்றிக்கொண்டு போவேன். யாரும் கேட்டதில்லை, நானாகச் செய்தது. கூடுதல் தூரம்தான். அந்தத் தூரமும் பிடிக்கும்.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். கம்பு தூக்கி ஓடுகிறவர்கள் எல்லாரும் வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டுவோம். குத்தல் வந்ததும் நான் அந்தத் துண்டை விலாவுக்கு ஏற்றிக் கட்டினேன். வலி அடங்கிவிட்டது! பெரிய வைத்தியம் கண்டுபிடித்த நினைப்பு எனக்கு. தினம் ஒரு பிடி கூடுதலாக இறுக்கினேன்.

"இன்னாயா, பிரசவம் ஆன பொம்பள மாதிரி கட்டிக்கினு வர?" என்றாள் பிலோமினா.

"குளுருக்குடி."

"குளுருக்கு மார மூடுவாங்க. நீ இன்னாத்துக்கு மூச்ச மூடிக்கினுகீற?"

சிரித்து மழுப்பினேன். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. அதையும் மறைத்தேன். தை பிறந்து ஒரு காலையில், கூடையை அவள் முன்னால் இறக்கியவன் நிமிரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பானை மாதிரி ஒலித்தது. வலப்பக்கம் ஒலியே இல்லை. ப்ளூரிசி (நுரையீரலை மூடியிருக்கும் உறை புண்ணாகி அதில் நீர் கோத்துக்கொள்வது) என்றார்.

"துண்டக் கட்னா வலி போய்டுது டாக்டர்" என்றேன்.

"வலி எங்கேப்பா போச்சு? சேதி சொல்ல வந்தவன் வாயைக் கட்டிட்டே."

முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் ஒரு செம்புக்கு மேல் வந்தது.

"இனிமே ஓடலாங்களா?"

டாக்டர் ரப்பர் குழாய் போட்ட இரண்டு பாட்டில்களைக் காட்டினார். ஒன்றில் தண்ணீர் இருந்தது. ஊதி அதை மற்றதுக்கு அனுப்ப வேண்டும். சுருங்கிப்போன நுரையீரல் விரிவதற்கான பயிற்சி அது. "முதல்ல இதைக் காலி பண்ணு. அப்புறம் பேசலாம்."

பாலவாக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக வந்தவனால் அரை பாட்டில் தண்ணீரைத் தள்ள முடியவில்லை. அழுதேன். பக்கத்திலிருந்த பிலோமினா, "அழுவறதுக்குக் கீற மூச்ச அதுல ஊதுயா" என்றாள்.

பாட்டில் காலியாக நாற்பது நாள் ஆனது. அதுவரையும் அதற்குப் பிறகும் பாலவாக்கத்திலிருந்து மீன் சுமந்தவள் அவள்தான். வீட்டுக்கு வந்து என் துண்டைத் தேடினேன். அதைச் சுருட்டித் தலையில் சும்மாடாக்கி, மேலே கூடை வைத்திருந்தாள்.

"குடுடி அத."

"இது எனக்கு. நீ கட்டாம நடக்கக் கத்துக்க."

நடக்கவே ஆடி வந்துவிட்டது. ஓடலாம் என்று டாக்டர் தலையசைத்தது ஐப்பசியில். அடுத்த மார்கழியில் துண்டில்லாமல், கம்பில் பாதிச் சுமையோடு ஓடினேன். விலா கழன்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. பாலத்தின் நடுவில் கால் தானாக நின்றது. மூச்சை இழுத்தேன். இடப்பக்கம் உடனே நிரம்பியது. வலப்பக்கம் தயங்கியது, பிறகு பனியோடு மெதுவாக உள்ளே வந்தது.

மார்க்கெட்டில், நேரமாகிவிட்டது என்று தலை குனிந்தேன். பிலோமினா மீனைப் பார்க்கவில்லை. என் விலாவில் கை வைத்துப் பார்த்தாள். "கெட்டா கருவாடு போட்டுக்கலாம். நீ நின்னு நின்னு வா."

அதற்கு முன் எனக்கு நேரம் என்றால் மீன் கெடுவதற்குள் இருக்கிற பொழுது. அன்றிலிருந்து, வலப்பக்கம் நிரம்பி முடிகிற பொழுது. இப்போதும் மார்கழிக் காலையில் அந்தப் பாலம் வரை நடக்கிறேன். நடுவில் நிற்கிறேன். வலப்பக்கத்து மூச்சு வருகிறவரை காத்திருக்கிறேன். வருகிறது.