டி எழுத்துக் காசு

ஆர்வில் ஹாக்கெட் அமெரிக்காவின் அயோவாவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன். ஒரு நட்டைக்கூட நான்கு தடவை அசைத்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டான். பழைய காசு சேர்க்கும் எங்கள் நாணயச் சங்கத்தில் அவனைப் போல் பயந்தாங்கொள்ளி வேறு யாருமில்லை.

அவனிடம் 1916-இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த பத்து சென்ட் வெள்ளிக்காசு இருந்தது. அந்த வருஷத்துக் காசு எங்கும் கிடைக்கும். டென்வரின் 'டி' எழுத்து உள்ளதுதான் அரிது. அதனால் சாதாரணக் காசில் அந்த எழுத்தை ஒட்டி விற்கும் திருடர்கள் உண்டு. தன்னையும் அப்படி ஏமாற்றிவிட்டார்களோ என்ற பயம் ஆர்விலை முப்பது வருஷமாக அரித்தது.

"காசைச் சோதிச்சுத் தரம் போடுற கம்பெனிக்கு அனுப்பித் தொலையேன்," என்பேன்.

"போலின்னு எழுதி வந்தா?" என்பான், முகம் வெளுத்து.

கடைசியில் அவன் மனைவி வில்மாவே அனுப்பிவிட்டாள். காசு திரும்பி வந்த அன்று ஆர்வில் தொட மறுத்ததால், அவள்தான் பெட்டியைப் பிரித்தாள். சீட்டில் 'அசல்' என்று இருந்தது. நான் அவன் முதுகில் தட்டினேன்.

"இருங்க, இன்னும் எழுதியிருக்கு," என்றாள் வில்மா. "அந்த எழுத்தைச் சுத்தி ஊசிக் கீறலாம். கீறின காசுக்குத் தரம் குடுக்க முடியாதாம்."

"வித்த படுபாவி கீறியிருப்பான்," என்றேன்.

வில்மா ஆர்விலையே பார்த்தாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல இருந்து வந்ததும் என் தையல் ஊசியை எடுத்துட்டுப் போவியே, எதுக்கு?"

"ஒட்டினதா இருந்தா பேந்து வருமேன்னு," என்றான்.