லாய்த் கேட்டு வந்தவள்

வைடா என்ற பெயரை நெலி முதலில் கேட்டது தில்வின் வாயால். தில்வின் அவளுடைய பெரியப்பா பேரன். அந்தக் கிளையில் எல்லோருக்கும் வாய் நீளம். நெலியின் கடைக்குப் புகையிலை வாங்க வந்தவன், தான் வேலை பார்க்கும் பால் ஆலையில் லிதுவேனியாக்காரி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், பெயர் வைடா, நம் வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழி படிக்கிறாளாம் என்று சொல்லிச் சிரித்தான். நெலியும் சேர்ந்து சிரித்தாள். இங்கேயே முப்பது வருஷம் குடியிருக்கும் இங்கிலாந்துக்காரர்களுக்கே காலை வணக்கம் தாண்டி ஒன்றும் வருவதில்லை. ஆலையில் வெண்ணெய் அடுக்க வந்தவள் இரண்டு கோடையில் ஊர் திரும்பிவிடுவாள், அவளுக்கு எதற்கு?

எதற்கு என்பதை வைடா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். அவள் மகள் உக்னேவுக்கு அப்போது ஆறு வயது. ஊர்ப் பள்ளியில் போட்ட மூன்றாம் மாதமே சந்து முனையில் மற்றப் பிள்ளைகளோடு வெல்ஷில் பேசி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். என்னடி சிரிப்பு என்று தாய் கேட்டதற்கு, "உனக்குச் சொன்னா புரியாதும்மா" என்றதாம் குழந்தை. மறுநாளே வைடா புல்ஹெலி டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பாடம் சொல்லும் சிடி ஒரு கட்டு வாங்கினாள்.

அந்தச் சிடி வேல்ஸின் தெற்கத்தி ஆட்கள் செய்தது. அதுதான் வினை. தெற்கே பாலுக்கு லாய்த் என்பார்கள். எங்கள் பக்கம் பால் என்றால் லெவ்ரித். லாய்த் என்றால் மோர். வைடா கடைக்கு வந்து, மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒரு பிசகில்லாமல் சொல்லி லாய்த் கேட்டாள். நெலியும் தன் நாத்தனார் மார்கெட் கடைந்து கொடுத்த மோரை ஒரு புட்டி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் டீ திரிந்து போனது.

மறுநாள் காலிப் புட்டியோடு வந்தாள். முகத்தில் கோபமில்லை. நெலிக்கு விஷயம் விளங்கிப் பதறிப்போய், எல்லோரும் செய்வதுபோல ஆங்கிலத்துக்குத் தாவி மன்னிப்புக் கேட்டாள். வெளியாள் ஒருவர் வெல்ஷில் திணறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது எங்கள் பழக்கம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். முகத்துக்கு எதிரே கதவைச் சாத்துவது அது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வைடா தலையை ஆட்டினாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா. உங்க பேச்சுலயே சொல்லுங்க."

நெலி நம்பிவிட்டாள். பாவம், ஆங்கிலம் ஒரு சொல் வராதாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஊருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. வாயே திறக்காத நெலியின் கொழுந்தன் ட்வம் எல்லிஸ்கூட, பஸ் வரும்வரை ஆட்டுக்கால் நோயைப் பற்றி அவளிடம் அரைமணி நேரம் பேசினான். ஆரம்பத்தில் அவள் போதகரை நீ என்றாள், மார்கெட் வீட்டு நாயை நீங்கள் என்றாள். "நாய்க்காவது ஒருத்தி மரியாதை குடுக்கிறாளே" என்று மார்கெட் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றே வருஷத்தில் போதகருக்கு நீங்கள் வந்தது, நாய்க்கு வசவு வந்தது.

நான்காம் வருஷம் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸை நிறுத்தப் போவதாகக் கடிதம் வந்தது. குறை கேட்க பஸ் கம்பெனி ஆள் ஒருவர் வந்து எங்கள் ஜெபவீடான சாப்பலின் கூடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வெல்ஷ் தெரியாது. நாங்கள் பேசப் பேச ஹெட்போனில் ஆங்கிலமாக்கிச் சொல்ல ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவரோ காய்ச்சலில் படுத்துவிட்டார். சரி, ஆங்கிலத்திலேயே நடத்தலாம் என்றார் கூட்டத் தலைவர். பாங்கர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கையைப் பார்க்க அந்த பஸ்தான் நெலிக்குக் கால். ஆங்கிலத்தில் பேச எழுந்தால் பாதி வாக்கியத்தில் நா ஒட்டிக்கொள்ளும்.

கடைசி பெஞ்சில் வைடா ரொம்ப நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நீங்க பேசுங்க நெலி அக்கா. நான் அவருக்குச் சொல்றேன்."

நெலி பேசினாள். தங்கையின் படுக்கையை, ஜன்னலை, வாரத்தில் இரண்டு நாள் தனக்காகக் காத்திருக்கும் அந்த முகத்தை எல்லாம் சொன்னாள். ஒன்றுவிடாமல் அத்தனையையும் வைடா அழகான ஆங்கிலத்தில் எடுத்து வைத்தாள். கம்பெனி ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஊர் மொத்தமும் திரும்பி வைடாவையே பார்த்தது. வியாழக்கிழமை பஸ்ஸையாவது விட்டுவைக்கிறோம் என்று அவர் சொன்னதுகூடப் பலர் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்து டீ ஊற்றும் மேசைக்கு வைடா வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. இனி எல்லோரும் தன்னிடம் ஆங்கிலம் பேசிவிடுவார்கள் என்ற பயம். நான்கு வருஷப் பாடு ஒரு மணி நேரத்தில் போயிற்றே என்று நிற்கிறாள். எல்லோர் கண்ணும் மேசைக்குப் பின்னால் நின்ற நெலி மேல்.

"கள்ளி," என்றாள் நெலி, வெல்ஷில். "நாலு வருஷமா என்னை ஊர் பூரா பொய் சொல்ல வச்சிருக்கே."

"சொல்லியிருந்தா நீங்க யாரும் எங்கிட்டப் பேசியிருக்க மாட்டீங்கக்கா."

நெலி கோப்பையை எடுத்து டீயை ஊற்றி, பால் ஜாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"டீக்கு என்ன ஊத்தட்டும்? லெவ்ரித்தா, லாய்த்தா?"

மார்கெட்தான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. உக்னேவும் சிரித்தாள். ஏன் என்று அவள் அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வைடா இப்போது சாப்பலுக்கு எதிரே இரண்டாவது வீட்டில் இருக்கிறாள். ஊர்க் கூட்டங்களில் மொழிபெயர்ப்பது அவள்தான்.