சத்தமில்லாத மூன்றாவது

பெங்களூர் தொம்மலூரில் ஐரின் போய்க் கல்யாணப் படம் எடுக்காத கத்தோலிக்க வீடு குறைவு. ஒரே கம்பெனியின் கேமராவைத்தான் தலைமுறை தலைமுறையாக மாற்றி வந்திருக்கிறாள். பழையதை மட்டும் விற்க மாட்டாள். முதலாவது, மங்கிய வெளிச்சத்தில் முகமெங்கும் ரவை தூவினாற்போல் படம் தரும். இரண்டாவதில் முகம் தெளிந்தது. ஆனால் ஷட்டரின் ‘படக்’கென்ற சத்தம் குறைந்ததே தவிரப் போகவில்லை. போன மாதம் வந்த மூன்றாவதற்குச் சத்தமே கிடையாது.

சத்தம்தான் இப்போது சிக்கல். மணமக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழியாக வார்த்தைப்பாடு சொல்லும்போது கேமரா சத்தம் கேட்டால், போட்டோ எடுப்பவர் பின்வாசலுக்குப் போய்விட வேண்டும் என்பது புது ஃபாதரின் உத்தரவு.

அந்த நேரத்தில்தான் ஐரினின் கணவன் நோயலுடைய அக்கா மகள் பெர்னதெத்துக்குக் கல்யாணம். “வார்த்தைப்பாடு சொல்றப்போ என் முகம் கிட்டத்துல வேணும் அத்தை. நீங்கதான் எடுக்கணும்” என்றாள் பெண். அவள் அம்மாவோ, “பெரிய ஸ்டூடியோவா பாக்கலாமே” என்று இழுத்தாள்.

ஐரின் மூன்று கேமராக்களையும் எடுத்துக்கொண்டு முந்தின நாளே கோயிலுக்குப் போனாள். பெண் நிற்குமிடத்தில் நோயலை நிறுத்தினாள்.

“பொக்கே பிடிச்ச மாதிரி கைய வைங்க.”

“நம்ம கல்யாணத்துலகூட நான் இவ்ளோ நேரம் நிக்கல.”

“சும்னே நில்லுங்க, மூஞ்சி ஆடுது.”

முதலாவதின் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது சற்று அடங்கிக் கேட்டது. பிறகு அமைதி.

“என்ன, எடுக்கலையா?”

“எடுத்தாச்சு.”

ஐரின் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நோயலின் முகத்தில் குறுக்கே வரிவரியாகக் கறுப்புப் பட்டைகள்.

“எனக்குப் புலி வேஷம் போட்டுட்டியே!”

பீடத்தில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டின. சத்தமில்லாத ஷட்டர் அதைப் பட்டையாகப் பிடித்தது. ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். பட்டைகள் மறைந்தன, ஆனால் சிரித்துக்கொண்டிருந்த நோயலின் வாய் கலங்கிப்போனது. ஆள் அசையாமல் இருந்தால்தான் படம்.

கல்யாணத்தன்று பீடத்தருகே முழந்தாளிட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். வார்த்தைப்பாட்டை ஃபாதர் துண்டு துண்டாகச் சொல்ல, பெர்னதெத் திருப்பிச் சொன்னாள். அவள் பேசும்போது ஐரின் பொத்தானைத் தொடவில்லை. ஃபாதர் அடுத்த துண்டைச் சொல்லும்போது, பெண் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டு நிற்பாளே, அப்போது மட்டும் அழுத்தினாள்.

பூசை முடிந்ததும் ஃபாதரே வந்தார். “ஏம்மா, நான் அவ்ளோ கண்டிப்பா சொல்லிட்டேனா? வார்த்தைப்பாட்டுக்கு ஒண்ணுகூட எடுக்கலையே!”

ஐரின் கேமராத் திரையைத் திருப்பிக் காட்டினாள். பெர்னதெத்தின் இமையில் நின்ற நீர்கூடத் தெளிவாக இருந்தது. எட்டிப் பார்த்த நாத்தனார் மலைத்தாள்.

“இத எப்போ எடுத்தே?”

“நீங்க மூக்கு சிந்திட்டிருந்தப்போ, அண்ணி.”

நாத்தனார் சிரித்துவிட்டு, சம்பந்தியம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். “இங்க வந்து பாருங்க. எங்க ஐரின் எடுத்தது.”