முட்டை அட்டையும் சின்னுசாமியின் அட்டவணையும்

சின்னுசாமி கெட்ட மனிதர் அல்ல. செம்மேட்டுக்கு மேற்கே ஒரு முகட்டில் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் வைத்திருந்தார். தான் செய்ததை வேறொருவர் அதைவிட நன்றாகச் செய்வதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இது பலருக்கும் உண்டு. அவருக்கு மறைக்கத் தெரியவில்லை.

1999இல் ஒரு தொண்டு நிறுவனம் மலையில் முப்பது ஊர்களுக்கு வயர்லெஸ் பெட்டி கொடுத்தது. சாலை சரிந்தால், மருத்துவ வண்டி வந்தால் சேதி சொல்வதற்கு. பக்கத்து முகடு வரைதான் குரல் எட்டும். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு ஊர் ஒன்றாகப் பேசினால் கேட்பவருக்கு வெறும் இரைச்சல். முதல் வாரம் முழுக்க இரைச்சல்தான்.

வழி கண்டவர் சின்னுசாமி. ஊர்களுக்கு ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டார். சேதி தெரிந்த ஊர் தன் எண்ணுக்குரிய நிமிடத்தில் மட்டும் பேசும். முப்பது முடிந்தால் மறுபடி ஒன்று. அந்த அட்டவணை எல்லாப் பெட்டியிலும் ஒட்டப்பட்டது. சந்தையில் நாலு பேர் அவரை நிறுத்திப் பேசினார்கள்.

ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சேதி போக மூன்று மணி நேரம் ஆனது. வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஆம்லெட் கடை வைத்திருந்த கவிதா, அடுத்த ஆண்டு நிறுவனம் கூட்டிய ஊர்க் கூட்டத்துக்கு முப்பது குழி முட்டை அட்டையோடு வந்தாள்.

"எண் வரிசைல குழிக்கு ஒரு ஊருங்க. குறுக்கால அஞ்சு வரிசை, நெடுக்கால ஆறு. வரிசைக்கு ஒரு நிமிசம், ஒவ்வொரு ஊரும் குறுக்குல ஒருக்கா, நெடுக்குல ஒருக்கா பேசோணும். பதினோரு நிமிசத்துல ஒரு சுத்து முடிஞ்சுருமுங்க."

"ஒரே வரிசைல ரெண்டு ஊரு பேசுனா மோதாதா அம்மிணி?" என்றார் சின்னுசாமி.

"மோதுமுங்ண்ணா. ஆனா குறுக்குல மோதுனது நெடுக்குல தனித்தனி வரிசைல வந்துரும். மூணு ஊரு வெச்சும் பாத்துட்டேன், எப்படியும் ஒண்ணு தனியாக் கேக்குது."

"ஆம்லெட்டுக்குள்ள இத்தனை கணக்கா!" என்று கூட்டத்திலிருந்த பாவாயி சொல்ல, கூட்டம் சிரித்தது. சின்னுசாமி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சோதனை, முப்பது ஊருக்கும் கேட்டால் பழைய அட்டவணையை எடுத்துவிடலாம் என்றார் நிறுவனத்தின் குணசேகரன்.

சின்னுசாமி வீட்டுக்குப் போய்க் கோடு கிழித்துச் சோளமணி வைத்துப் பார்த்தார். அவர் முகட்டுக்கு நான்கு ஊர்களின் குரல்தான் எட்டும்: இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று. அட்டையில் அவை ஒரு கட்டத்தின் நான்கு மூலைகள். நான்குக்கும் சேதி ஒரே சுற்றில் வந்து சேரும்; அதன் பிறகு எந்த வரிசையிலும் இரண்டிரண்டாகத்தான் பேசும். அவருக்கு எப்போதும் இரைச்சல்தான். பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

சோதனையில் இருபத்தொன்பது ஊருக்கு ஒரு மணி நேரத்தில் சேதி போனது. மறுநாள் கவிதா மேலேறி வந்தாள். அவர் சோளமணியைப் பரப்பிக் காட்டினார், கொஞ்சம் பெருமையோடு.

"இத எப்பங்ண்ணா கண்டீங்க?"

"சோதனைக்கு முன்னாடியே."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மணிகளையே பார்த்தாள். "உங்க அட்டவணைய எடுக்க வேண்டாமுங்க. என்னுது ஓடி முடிஞ்சப்பறம் உங்க முப்பது நிமிசம் ஒருக்கா ஓடட்டும். உட்டுப்போன ஊருக்குப் போய்ச் சேந்துரும்."

அப்படியே அச்சடித்தார்கள். மேலே அவள் அட்டை, கீழே அவர் அட்டவணை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இடம் கொடுத்ததைத் தாங்க முடியவில்லை. அந்தக் கீழ்ப்பாதியால் சேதி பெற்ற ஊர் ஒன்றே ஒன்று, அவருடையது.

இரண்டு மாதம் கழித்துக் கவிதா மறுபடி வந்தாள். "ரெண்டாம் ஊரும் பதினஞ்சாம் ஊரும் எண்ண மாத்திக்கிட்டாப் போதுமுங்ண்ணா. நாலு மூலைல ஒண்ணு கலஞ்சு உங்களுக்கும் சீக்கிரம் கேட்டுரும். மத்த ஊருக்கும் பாத்துட்டேன், கெடுதல் இல்லீங்க."

அவர் உடனே புரிந்துகொண்டார். எண் மாறினால் அவர் அட்டவணை யாருக்கும் வேண்டாம்.

"இருக்கட்டும் அம்மிணி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அந்த முகட்டில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. அவர்களை யாரும் கேட்கவில்லை. நான் கடைசியாகப் போன 2003 வரை, மலையில் எல்லோருக்கும் தெரிந்த பிறகே அவர்களுக்குச் சேதி வந்துகொண்டிருந்தது.