சொல்லுங்க, சேர்த்துடறோம்

எண்ணூர்ப் பக்கம் ஒரு எண்ணெய்க் கிடங்கின் ஆபீசில் நான் போன் ஆபரேட்டராக இருந்தேன். கிடங்குக்குள் செல்போன் கூடாது, தீப்பிடிக்கும் பயம். டேங்க் யார்டில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆட்கள் காலையில் கேட்டிலேயே செல்லை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அவர்கள் வீட்டில் எது நடந்தாலும் போன் என் போர்டுக்குத்தான் வரும். பிள்ளைக்கு ஜுரம், மச்சினன் குடித்துவிட்டு வந்து ரகளை, எல்லாம். நான் மைக்கில் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லை. வேறு யார் செய்வார்கள்? போன் செய்யும் வீட்டுப் பெண்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது, குரலை வைத்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவேன்.

மேனேஜருக்கு ஆபீசை நவீனமாக்கும் ஆசை வந்தது. ஒரு டெக்னீஷியன் வந்து எங்கள் போர்டோடு ஒரு பெட்டியை இணைத்தார். இனி போனைப் பெட்டியே எடுத்துப் பேசும், கூப்பிடுகிறவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளும். எக்ஸ்டென்ஷன் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாய்ஸ் மெயில்.

"எக்ஸ்டென்ஷன் இல்லாதவங்களுக்கு சார்?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பொதுவா ஒண்ணு இருக்கேம்மா."

"அதை யாரு கேப்பாங்க?"

"யாராவது கேப்பாங்க."

யாராவது என்றால் யாருமில்லை. இது தெரிவதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

வெளியே குரல் கொடுக்க ஆள் பிடித்தால் செலவாம், என்னையே பேசச் சொன்னார். "எப்பவும் பேசற மாதிரியே பேசுங்கம்மா. வித்தியாசமே தெரியக் கூடாது." பேசினேன். "வணக்கம். சொல்லுங்க, சேர்த்துடறோம்." பிரமாதம் என்று கைதட்டினார்கள். அடுத்த வாரமே என்னை மாடியில் பில் செக்‌ஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள். குரலை வைத்துக்கொண்டு ஆளைக் கழற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, பெட்டியைச் சோதிக்க வந்த டெக்னீஷியன் பொது மெயிலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். முந்தின நாள் காலையில் வந்த போன் அது. கேட்டதுமே குரல் தெரிந்துவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் டேங்க் யார்டு வெல்டரின் மனைவி.

"யக்கா, நான்தான்க்கா. மாமியாருக்கு ரொம்ப முடியலக்கா, ஆஸ்பத்திரில சேத்துகீறோம். புள்ள எங்க, புள்ள எங்கன்னு கேட்டுகினே கீது. அவர கொஞ்சம் அனுப்பி வுடுக்கா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "யக்கா? கேக்குதா? செரிக்கா, நீ சொல்லிடுவ. வச்சிடறேன்."

யாருமே எடுக்காமல் மணி மட்டும் அடித்திருந்தால் அவள் ஒரு ஆட்டோ பிடித்து கேட்டுக்கே வந்திருப்பாள். என் குரல் கேட்டதால் நிம்மதியாக மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா மத்தியானமே போய்விட்டது. சாயங்காலம் கேட்டில் செல்லை வாங்கி ஆன் செய்தபோதுதான் மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

மேனேஜர் முழுசாகக் கேட்டார். "மெஷின் கரெக்டாதான் வேலை செஞ்சிருக்கு" என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. என் குரலையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். பழகின குரல், இருக்கட்டுமே என்றார்.

லீவு சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷாமியானா. வெல்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார். அவர் மனைவி பாயில் எனக்கு இடம் விட்டாள். நான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன், மாடிக்கு மாற்றியதைச் சொன்னேன், பேசினது நானில்லை என்றேன். அவள் சண்டை போடவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? 'சொல்லுங்க'ன்னு நீதானே கேட்ட?"