பாதிரியாருக்கு நான் சொன்ன சடுகுடு விதி

மதுராந்தகத்து அக்கா தங்கச்சிகளே, இன்று காலை எங்கள் கோயிலில் ஒரு கூத்து. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

என் வீட்டுக்காரர் இறந்துபோய் நாலு மாசம். அதிலிருந்து நான் ஆராதனைக்கு உள்ளே போவதில்லை. புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்பேன். உள்ளே போனால், ஆண்கள் பக்கம் அவர் உட்காரும் இடம் கண்ணில் படும்.

இன்று புதுப் பாதிரியார் சடுகுடுவை வைத்துப் பிரசங்கம் செய்தார். மனுஷர் பட்டணத்துக்காரர். "அவுட்டானவன் மனதைத் தேற்றிக்கொண்டு, தானாக எழுந்து மறுபடி ஆட வரவேண்டும். விசுவாசியும் அப்படித்தான்" என்றார்.

என் வீட்டுக்காரர் மாமல்லபுரம் மணலில் இருபது வருஷம் சடுகுடு ஆடினவர். எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"ஐயா, அது தப்பு! அவுட்டானவன் தானா வரக்கூடாது. அவன் கட்சி ஆளுங்க எதிராளி ஒருத்தனப் புடிச்சாத்தான் இவன் உள்ள வரலாம்!"

கோயில் முழுக்கச் சிரிப்பு. பாதிரியார் மட்டும் பெண்கள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் இந்த அம்மா நாலு மாதமாக வெளியே இருக்கிறார்களே, நீங்கள் யாரும் ஆடவே இல்லையா?"

 பெண்கள் பக்கமிருந்து என் தோழி ரோசம்மா எழுந்து வெளியே வந்தாள்.

"இன்னாடி, வெளிய குந்திகினு ஐயாவுக்கே பாடம் நடத்துற? வா உள்ள!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பாயில் உட்காரவைத்தாள். ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர் இடத்தைப் பார்த்தேன், அழுதேன். அவள் கையை விடவில்லை.

உங்கள் கோயிலுக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பார்த்து எழுதுங்கள். ஆனால் மெதுவாகப் பிடியுங்கள். என் மணிக்கட்டு இன்னும் வீங்கிகினு கீது.