சம்மட்டியின் வெள்ளரிக்கொடி

லாரி பட்டறையில் அவனுக்குப் பெயர் சம்மட்டி. கோபம் வந்தால் முதலில் கை பேசும், பிறகு வாய் எண்ணெயில் பொரித்ததைக் கேட்கும். "இனி எவனையாவது அடிச்சே, பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்று பொண்டாட்டி சொன்ன பிறகுதான் மொட்டைமாடியில் பழைய ஆயில் டின்களில் வெள்ளரி போட்டான். மண்ணைக் கிளறக் கிளறப் பொரித்ததைத் தின்னும் ஆசையும் போனது, முறைப்பும் பாதி குறைந்தது.

அன்று மாடி ஏறினால் கொடிகள் கருகிக் கிடந்தன. பொண்டாட்டியின் தம்பி ஒரு பெயிண்டர். பிரஷ் கழுவிய தின்னரை டின்களில் கொட்டியிருந்தான்.

"வீணாப் போகக் கூடாதேன்னு ஊத்தினேன் மாமா."

சம்மட்டி அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை ஓங்கினான். படியில் பொண்டாட்டி, இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். ஸ்பேனர் மச்சான் காதை உரசிக்கொண்டு, அவன் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த நீலப் பெயிண்ட் டப்பாக்களில் இறங்கியது. அடித்த அடியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு டப்பாவும் நசுங்கின. மச்சான் தலை முதல் கால் வரை நீலமாகிவிட்டான்.

"பசிக்குதா மாமா? பொரிச்சது ஏதாவது வாங்கிட்டு வரட்டா?" என்று நீலம் நடுங்கியது.

"வேண்டாம்டா." மூச்சிரைக்கச் சொன்ன சம்மட்டி, தப்பிப் பிழைத்த ஒரே கொடியில் ஒரு பிஞ்சைப் பறித்து இரண்டாக ஒடித்தான்.

பொண்டாட்டி பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு ஒரு பாதிக்குக் கையை நீட்டினாள்.